தலைக்கவசம் வேண்டாம் என்று வென்றவர்கள்

1975 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 47 இல், மோட்டார் சைக்கிளில் ஏறும் எவரும் தலைக்கவசம் அணிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தது. இன்று அப்படியான சட்டம் 17 மாநிலங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இடைப்பட்ட ஐம்பது வருடங்களில் தலைக்கவசம் உயிரைக் காப்பாற்றாது என்று எவரும் நிரூபிக்கவில்லை. அது காப்பாற்றுகிறது என்பதற்கான ஆதாரம்தான் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு போனது. ஆதாரம் ஒரு பக்கம் வளர, சட்டம் எதிர்ப் பக்கமாக நடந்தது. அப்படி நடக்க வைத்தது ஏதோ ஒரு பெரிய கம்பனி அல்ல. தலைக்கவசச் சட்டத்தால் யாருடைய தலை பாதுகாக்கப்பட்டதோ, அதே மோட்டார் சைக்கிள்காரர்கள்தான்.

இந்தக் கதையை நான் நீண்ட காலமாகக் கவனித்து வருகிறேன். பாதிக்கப்படும் மக்கள் அமைப்பாகத் திரண்டால் அரசின் கொள்கை அவர்களுக்குச் சாதகமாக மாறும் என்பது எங்கள் அரசியல் பேச்சில் ஏறக்குறைய ஒரு வாய்பாடு. அமெரிக்காவின் பைக்காரர்கள் திரண்டார்கள், விடாமல் நின்றார்கள், கேட்டதைப் பெற்றார்கள். ஆனால், அவர்கள் பெற்றது அவர்களுக்குச் சாதகமானதா என்று கேட்டால் பதில் அவ்வளவு இலகுவாக வராது.

தொடக்கம் 1966. அந்த வருடம் வாஷிங்டன் நிறைவேற்றிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தலைக்கவசச் சட்டம் கொண்டுவராத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைகளுக்கான மத்திய நிதியில் ஒரு பகுதி வெட்டப்படும் என்று நிபந்தனை வந்தது. அமெரிக்காவில் வீதிச் சட்டங்கள் மாநிலங்களின் கையில் இருப்பவை. மத்திய அரசுக்கு நேரடியாகக் கட்டளையிடும் வழி குறைவு. பணப்பையின் வாயை இறுக்கும் வழி உண்டு. அந்த வழிதான் பயன்படுத்தப்பட்டது. ஒன்பது வருடங்களுக்குள் கலிபோர்னியா, இலினோய், யூட்டா தவிர்ந்த எல்லா மாநிலங்களும் பணிந்துவிட்டன. ஆனால், அந்தச் சட்டசபைகள் தங்கள் மக்களோடு பேசி, வாதாடி, இணங்கி அந்தச் சட்டங்களைக் கொண்டுவரவில்லை. வீதிக்குக் காசு வேண்டும், அதற்காகக் கையைத் தூக்கினார்கள். பின்னால் அந்தச் சட்டங்கள் சரிந்த வேகத்துக்கு இந்த அத்திவாரமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

எதிர்ப்பு முதலில் நீதிமன்றங்களுக்குப் போனது. 1924 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் மிச்சிகனில் வழக்குப் போட்டு, 1968 இல் அந்த மாநில மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. அடுத்த வருடம் இலினோய் உயர் நீதிமன்றமும் அங்குள்ள சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் தோல்வியே. 1972 இல் மசசூசெட்ஸிலிருந்த மத்திய நீதிமன்றம் சொன்ன காரணம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: வீதியில் விழுந்தவரைத் தூக்குவதும், பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும், மீண்டும் வேலைக்குப் போக முடியாவிட்டால் அவரையும் குடும்பத்தையும் தாங்குவதும் சமூகம்தான், ஆகவே, அந்தத் தலை அவருடைய சொந்த விவகாரம் மட்டுமல்ல. நாட்டின் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை அப்படியே உறுதி செய்தது. சட்ட வழி அத்தோடு ஏறக்குறைய அடைபட்டுப் போனது.

அடைபட்டதும் அவர்கள் அரசியலுக்குத் திரும்பினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ‘ஈஸிரைடர்ஸ்’ என்ற பைக் சஞ்சிகையைச் சுற்றி உருவான அமைப்பு ‘அபேட்’. ‘சர்வாதிகாரச் சட்டங்களுக்கு எதிரான சகோதரத்துவம்’ என்பது அந்த ஆங்கிலச் சுருக்கத்தின் முதல் விரிவு. பிற்காலத்தில் பல மாநிலக் கிளைகள் அதே எழுத்துகளுக்குக் கல்வி, விழிப்புணர்வு என்று மிருதுவான விரிவுகளைக் கொடுத்துக்கொண்டன. அமைப்புகள் முதிர்ச்சியடையும்போது பெயரின் பற்கள் விழுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ‘ஓட்டுபவரே தீர்மானிக்கட்டும்’ என்பது அவர்களுடைய கோஷம். தலைக்கவசத்தை எதிர்ப்பதாக அவர்கள் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. கட்டாயத்தை எதிர்ப்பதாகவே சொன்னார்கள். இந்த வேறுபாட்டை அவர்கள் மிகக் கவனமாகப் பேணினார்கள். எதிரே நின்ற வைத்தியர்களுக்கு அதை எப்படி எதிர்கொள்வது என்று கடைசி வரை தெரியவில்லை.

1975 இல், பணியாத மூன்று மாநிலங்கள் மீதும் நிதித் தண்டனையைப் பிரயோகிக்க மத்திய போக்குவரத்து அமைச்சு முற்பட்டது. பைக்காரர்கள் காத்திருந்த தருணம் அது. கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலத்தின் நெடுஞ்சாலைப் பணத்தில் கை வைத்தால் அந்த மாநிலத்தின் எல்லாக் கட்சிப் பிரதிநிதிகளும் ஒரே பக்கம் நிற்பார்கள். செனட் சபையில் கலிபோர்னியாவின் தாராளவாதியான அலன் கிரான்ஸ்டனும் வட கரோலினாவின் கடும் பழைமைவாதியான ஜெசி ஹெல்ம்ஸும் ஒரே கோரிக்கைக்காக நின்றது அப்போதுதான். 1976 மே மாதம் ஜனாதிபதி போர்ட் கையெழுத்திட்ட சட்டத்தோடு நிதித் தண்டனை நீங்கியது. தடை நீங்கியதும் மாநிலங்கள் வரிசையாகத் தங்கள் தலைக்கவசச் சட்டங்களைக் கைவிட்டன, அல்லது இளையோருக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டன. 1991 இல் காங்கிரஸ் மீண்டும் ஒரு நிதி அழுத்தத்தைக் கொண்டுவந்தது. நான்கே வருடங்களில், 1995 இல், அதையும் எடுக்க வைத்தார்கள். அடுத்தடுத்து டெக்சாஸ், ஆர்கன்சோ, கென்டக்கி, லூசியானா, புளோரிடா, பென்சில்வேனியா. 2012 இல் மிச்சிகன். கடைசியாக நெப்ராஸ்கா, 2024 ஜனவரி முதலாம் திகதி.

அமெரிக்காவில் பதிவான வாகனங்களில் மோட்டார் சைக்கிள்கள் ஏறத்தாழ 3 வீதம்தான். அதில் ஒரு சிறு பங்கினரே இந்த அமைப்புகளில் உறுப்பினர்கள். இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? நியூ ஹம்ஷயரைப் பாருங்கள். வயது வந்தவர், வராதவர் எவருக்குமே தலைக்கவசச் சட்டம் இல்லாத மூன்று மாநிலங்களில் அதுவும் ஒன்று. அதன் கீழ்ச்சபையில் 400 உறுப்பினர்கள். மாநிலத்தின் சனத்தொகை சுமார் 14 இலட்சம். ஆக, 3,500 பேருக்கு ஒரு பிரதிநிதி. அப்படியான தொகுதியில் ஐம்பது பைக்காரர்களும் அவர்களுடைய குடும்பங்களும் ஒரே காரணத்துக்காக வாக்களித்தால், அது அந்தப் பிரதிநிதியின் நித்திரையைக் கெடுக்கப் போதும். மற்ற மாநிலங்களில் தொகுதிகள் இதைவிடப் பெரியவை என்றாலும் கணக்கு இதேதான். தலைக்கவசச் சட்டம் வேண்டும் என்று நினைப்பவர்கள் கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையாக இருக்கலாம். ஆனால், அதற்காக மட்டும் தன் வாக்கை மாற்றுபவர் எவரும் இல்லை. எதிர்ப்பவர்களோ அதற்காக மட்டுமே வாக்களித்தார்கள். பிரேரணை விவாதத்துக்கு வரும் நாளில் மாநிலத் தலைநகருக்குப் பைக்கிலேயே போய் இறங்கினார்கள். தோற்றால் அடுத்த வருடமும் அதே பிரேரணையைக் கொண்டுவந்தார்கள். மிச்சிகனில் ஆளுநர் ஜெனிபர் கிரான்ஹோம் 2006 இலும் 2008 இலும் அதைத் தன் அதிகாரத்தால் நிராகரித்தார். அவருக்குப் பின் வந்தவர் கையெழுத்திட்டார். அவர்கள் ஆளுநர் மாறும் வரை காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நெப்ராஸ்காவில் வாதத்தின் உடையே மாறியிருந்தது. ஆகஸ்டு மாதங்களில் அயல் மாநிலமான தென் டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் நகருக்கு நாடு முழுவதிலுமிருந்து பைக்காரர்கள் திரளாகப் போவார்கள். தலைக்கவசச் சட்டத்தால் அவர்கள் நெப்ராஸ்காவைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், எங்கள் பெற்றோல் நிலையங்களும் விடுதிகளும் வருமானத்தை இழக்கின்றன என்றார்கள். சுதந்திரத்தைப் பற்றிய பேச்சு சுற்றுலா வருமானத்தைப் பற்றிய பேச்சாகியிருந்தது.

சுதந்திரம் என்ற வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். போர்க்காலத்தில் வடக்கில் பைக் ஓடியவர்களுக்கு இது புரியும். ஒரு இடத்தில் ஹெல்மெட் போடாததற்குத் தண்டம். அடுத்த சந்தியின் சோதனைச் சாவடியில் போட்டிருந்ததற்கு ஏச்சு. கழற்றிக் கையில் பிடித்தபடி, பைக்கை உருட்டிக்கொண்டு, முகத்தைக் காட்டிக்கொண்டு நடந்த தூரம் எனக்கு நினைவிருக்கிறது. என் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதை என்னைக் கேட்காமல் இன்னொருவர் தீர்மானிப்பதன் அவமானம் அமெரிக்கருக்கு மட்டும் உரியதல்ல. ஆனால், அந்த அவமானத்தையும் ஒரு உயிர்காப்புச் சட்டத்தையும் ஒரே தராசில் வைக்கும்போது, மறு தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

புளோரிடா 2000 ஜூலையில் தன் சட்டத்தைத் தளர்த்தியது. அதற்கு முந்திய மூன்று வருடங்களில் (1997–1999) அங்கே 515 மோட்டார் சைக்கிள்காரர்கள் உயிரிழந்தார்கள். பிந்திய மூன்று வருடங்களில் (2001–2003) 933 பேர். பைக்குகளின் எண்ணிக்கையும் அந்தக் காலத்தில் கூடியது உண்மை. முழு அதிகரிப்பையும் சட்டத்தின் தலையில் போட முடியாது. ஆனால், பைக்குகளின் அதிகரிப்பைக் கழித்த பிறகும் இடைவெளி மிஞ்சுகிறது. லூசியானா 1999 இல் சட்டத்தைத் தளர்த்தி, மரணங்கள் ஏறுவதைக் கண்டு, 2004 இல் திரும்பக் கொண்டுவந்தது. தளர்த்தியவர் தானே பைக் ஓட்டும் ஆளுநர் மைக் பொஸ்டர். திருப்பியவர் அவருக்குப் பின் வந்த கத்லீன் பிளாங்கோ. நாடு முழுவதையும் எடுத்தால், 1997 இல் மோட்டார் சைக்கிள் மரணங்கள் 2,116. 2023 இல் 6,335. அந்த 3 வீத வாகனங்களிலிருந்துதான் வீதி மரணங்களின் ஏறத்தாழ 15 வீதம் வருகிறது.

சட்டத்தைத் தளர்த்தியபோது பல மாநிலங்கள் ஒரு சமாதானம் வைத்தன. 21 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், மருத்துவக் காப்புறுதி இருக்க வேண்டும். புளோரிடாவில் 10,000 டொலர். மிச்சிகனில் 20,000 டொலர். அமெரிக்க வைத்தியசாலையில் தலையில் பலத்த காயத்தோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் கிடந்தாலே அந்தத் தொகை கரைந்துவிடும். அதன் பிறகு யார் கட்டுவது? அந்தக் கேள்விக்கு 1972 இலேயே மசசூசெட்ஸ் நீதிபதிகள் பதில் சொல்லியிருந்தார்கள்.

ஒரு வெற்றி மட்டும் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட உறுத்துகிறது. 1998 இல் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டத்தில், மத்திய வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் மாநில சட்டசபைகளில் சட்டங்களுக்காகப் பரப்புரை செய்யக்கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்டவர்களில் பைக் அமைப்புகள் முன்னணியில் நின்றன. பைக்காரர்கள் பேசலாம், காப்புறுதிக் கம்பனி பேசலாம். மரணங்களை எண்ணுகின்ற அரச நிறுவனம் போய் வாதாட முடியாது. கட்டாயத்தை எதிர்ப்பது ஒன்று. எதிர்த்தரப்பின் வாயைக் கட்டுவது இன்னொன்று.

இதையே முழுக் கதையாக எழுதினால் அது அநியாயமாகும். மோட்டார் சைக்கிள்களை மட்டும் மறித்துச் சோதிக்கும் பொலிஸ் சாவடிகளுக்கு மத்திய நிதி போவதை 2015 இல் நிறுத்த வைத்ததும் இதே அமைப்புகள்தான். ஒரு வகை வாகனத்தில் வருபவர்களை மட்டும் சந்தேகத்துக்குரியவர்களாக நடத்துவதை எதிர்த்த அந்தக் கோரிக்கையில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. பல மாநிலங்களில் புதிய ஓட்டுநர்களுக்கான பயிற்சியை வளர்ப்பதிலும் அபேட் கிளைகளுக்குப் பங்குண்டு. 2011 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தில் தலைக்கவசச் சட்டத்துக்கு எதிரான ஊர்வலத்தில் தலைக்கவசமின்றி வந்த ஒருவர் விழுந்து இறந்தபோது உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதை ஒரு நகைச்சுவைபோல வெளியிட்டன. எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. தான் நம்பியதற்காக வீதிக்கு வந்த ஒரு மனிதன் செத்துப்போனான்.

பிரித்தானியாவின் கதை வேறு முடிவுக்குப் போனது. அங்கே 1973 இல் தலைக்கவசம் கட்டாயமானது. அதே வருடம் எதிர்ப்பு அமைப்பும் பிறந்தது. பிரெட் ஹில் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் பைக்கில் தூது கொண்டுபோனவர், துணித் தொப்பியோடு பைக் ஓட்டி, தண்டம் கட்ட மறுத்து, திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1984 இல், தன் எழுபதுகளில், லண்டன் பென்டன்வில் சிறையில் இருந்தபோது இறந்தார். சட்டம் அசையவில்லை. தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு மட்டும் 1976 இல் பாராளுமன்றம் விலக்களித்தது. அமெரிக்காவில் ஐம்பது கதவுகளைத் தட்டலாம், ஒன்றாவது திறக்கும். வெஸ்ட்மின்ஸ்டரில் கதவு ஒன்றுதான். அமைப்பின் வீரத்தை விட அரசின் கட்டமைப்பு வெற்றியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு எனக்குத் தெரியாது.

பிரான்ஸில் 1980 இல் உருவான ‘கோபக்கார மோட்டார் சைக்கிள்காரர்களின் சம்மேளனம்’ இன்னொரு பாதையில் போனது. பெயரே அதுதான். பெரிய பைக்குகள் மீதான வரியை எதிர்த்துத் தொடங்கியவர்கள், காப்புறுதிக் கம்பனிகள் தங்களைச் சுரண்டுகின்றன என்று கண்டதும் 1983 இல் தாங்களே ஒரு பரஸ்பரக் காப்புறுதிச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அது இன்றும் இயங்குகிறது. வீதியோர இரும்புத் தடுப்புகளின் கீழ் இடைவெளி, விழுந்து சறுக்கி வரும் பைக்காரரின் உடலை வெட்டுகிறது. அந்த இடைவெளியை மூடக் கீழே இன்னொரு தகடு பொருத்துங்கள் என்று விடாமல் கேட்டார்கள். மறுபுறம், பைக்குகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த கட்டாயத் தொழில்நுட்பப் பரிசோதனையை எதிர்த்து ஊர்வலம் போனவர்களும் இவர்களே. 2021 ஆகஸ்டில் அரசு அதற்கான ஆணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே மக்ரோன் அதை நிறுத்திவைத்தார். சுற்றாடல் அமைப்புகள் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போயின. கடைசியில் 2024 ஏப்ரலில்தான் பரிசோதனை தொடங்கியது. அங்கே அமைப்புக்கு எதிராக இன்னொரு அமைப்பு இருந்தது. அமெரிக்க மாநில சபைகளில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக் கதிரையில் களைத்துப்போன ஒரு வைத்தியரும், மகனைப் பறிகொடுத்த ஒரு தாயும்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இவற்றை வாசித்துவிட்டு எங்கள் வீதியைப் பார்த்தால் படம் தலைகீழாகத் தெரிகிறது. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். கட்டண உயர்வு பற்றிப் பேச அரசு தனியார் பஸ் உரிமையாளர் சங்கங்களை அழைக்கிறது. முச்சக்கர வண்டிக்காரர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன, ஊடகத்தில் பேச ஆட்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஓடும் பெரும்பான்மைக்காக அப்படித் தொடர்ந்து மேசையில் உட்காரும் குரல் ஒன்றைக் காண்பது அரிது. 2022 இல் கியூஆர் அட்டையில் எரிபொருள் பங்கிட்டபோது காருக்கு வாரம் 20 லீற்றர், பைக்குக்கு 4 லீற்றர். கார் கூடக் குடிக்கும் என்பது சரி. ஆனால், அந்த 4 லீற்றரில் ஒரு மீன் வியாபாரி எத்தனை ஊருக்குப் போகலாம் என்று எந்த மேசையில் கணக்குப் பார்க்கப்பட்டது?

ஒரேயொரு முறை பைக்காரர்களின் எதிர்ப்பு கொள்கையைத் தடுத்தது. 2015 மார்ச்சில், முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசங்களைத் தடை செய்யப்போவதாகப் பொலிஸார் அறிவித்தார்கள். கொள்ளையர்கள் அதை முகமூடியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். எதிர்ப்புக் கிளம்பியது, மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அமெரிக்காவில் தலைக்கவசத்தைக் கழற்றும் உரிமைக்காகப் போராடினார்கள். இங்கே நல்ல தலைக்கவசத்தை அணியும் உரிமைக்காக நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அந்த எதிர்ப்பு வெற்றியோடு கலைந்து போனது.

கலையாமல் இருந்திருந்தால் அது எதைக் கேட்டிருக்கும் என்று யோசிப்பதுண்டு. ஏ9 வீதியில் இரவில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள். பின் விளக்கில்லாத உழவு இயந்திரங்கள். தாய், தகப்பன் தலைக்கவசத்தோடு இருக்க, நடுவில் வெறுந்தலையோடு நெருங்கியிருக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளையின் தலைக்கு அளவான, தரச் சான்றுள்ள தலைக்கவசம் ஒரு கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டும் விலையில். அதிவேகப் பாதைகளில் பைக்குக்கு இடமில்லை என்பதால் மற்ற வீதிகளையே நம்பியிருக்கும் ஆட்களுக்கு, அந்த வீதிகளின் குழிகள். தண்டம் மட்டும் ஒழுங்காக வசூலாகிறது.

நியூ ஹம்ஷயரின் பைக்காரருக்குத் தன் பிரதிநிதியின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியும். எங்கள் ஊரில் மழைக்குப் பின் திறந்திருக்கும் ஒரு குழியை யாரிடம் சொல்வது என்று கேட்டால், முதலில் அந்த வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதா, மாகாணத் திணைக்களத்துடையதா, பிரதேச சபையுடையதா என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும் வரை யாராவது ஒருவர் அந்தக் குழிக்குள் ஒரு பூவரசங் கொப்பை முறித்துக் குத்திவிட்டுப் போவார், இருட்டில் வருகிற பைக்காரர் பார்த்து விலகட்டும் என்று.